அமெரிக்காவில் நாள்பட்ட வலிச் சிகிச்சையும் இனப் பாகுபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாள்பட்ட வலி என்று எதைச் சொல்கிறார்கள்?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது அத்தனை காலமாக விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும் வலி. முதுகுவலி, மூட்டுத் தேய்மானம், ஒற்றைத் தலைவலி, நரம்பு வலி எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்காவில் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இது இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கருவி உண்டு; வலிக்கு அப்படி எதுவும் கிடையாது. “எவ்வளவு வலிக்கிறது?” என்று கேட்டு, வந்த பதிலை நம்ப வேண்டும் அல்லது நம்பாமல் விட வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை சிக்கலுக்கும் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது.

சிகிச்சையில் இன வேறுபாடு இருக்கிறது என்பது உணர்வா, அளந்து கண்ட உண்மையா?

முப்பது ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள்.

1993இல் லாஸ் ஏஞ்சலிஸில் நாக்ஸ் டாட் என்ற மருத்துவர், கை கால் எலும்பு முறிந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 55 சதவீதம் பேருக்கு வலி மருந்தே கொடுக்கப்படவில்லை. வெள்ளையரில் அந்தக் கணக்கு 26 சதவீதம். அதே குழு அடுத்து ஒரு கேள்வி கேட்டது: மருத்துவர்களுக்கு அவர்களுடைய வலி கண்ணில் படவில்லையோ? பட்டிருக்கிறது. வலியின் கடுமையை மதிப்பிடச் சொன்னபோது இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பைத்தான் மருத்துவர்கள் கொடுத்தார்கள். வலியைப் பார்த்துவிட்டு, மருந்து கொடுக்கும் கட்டத்தில் கை பின்வாங்கியிருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் ஆய்வைவிட இந்த இரண்டாவது ஆய்வுதான் அதிகம் உறுத்துகிறது.

2000இல் அட்லாண்டாவில் இதே கேள்வியைக் கறுப்பின நோயாளிகளை வைத்துக் கேட்டார்கள். எலும்பு முறிந்த வெள்ளையரில் 74 சதவீதம் பேருக்கும் கறுப்பினத்தவரில் 57 சதவீதம் பேருக்கும் வலி மருந்து கிடைத்திருந்தது.

பிறகு 2008இல், 1993 முதல் 2005 வரையிலான நாடு தழுவிய அவசர சிகிச்சைத் தரவுகள் வெளியாயின. வலி என்று வந்த வெள்ளையரில் 31 சதவீதம் பேருக்கு, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து கிடைத்தது. கறுப்பினத்தவருக்கு 23, லத்தீன் அமெரிக்கர்களுக்கு 24, ஆசியர் உள்ளிட்ட மற்றவர்களுக்கு 28. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஓபியாய்டு எழுதிக் கொடுப்பது நாடெங்கும் கூடியது. இடைவெளி மட்டும் குறையவே இல்லை.

குழந்தைகளும் தப்பவில்லை. குடல்வால் அழற்சியோடு கடும் வலியில் வந்த குழந்தைகளைப் பற்றி 2015இல் வந்த ஆய்வில், ஓபியாய்டு கிடைப்பதற்கான வாய்ப்பு விகிதம் வெள்ளைக் குழந்தைகளோடு ஒப்பிடும்போது கறுப்பினக் குழந்தைகளுக்கு ஐந்தில் ஒரு பங்காகத்தான் இருந்தது. அந்த வயதில் யாரும் மருந்துக்காக நடிக்க வருவதில்லை.

இவையெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவுக் கதைகள். நாள்பட்ட வலியில் நிலைமை என்ன?

இன்னும் மோசமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே சாட்சி சொல்லும். முதுகுவலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் நோயாளியைத் தவிர வேறு சாட்சி இல்லை. 2003இல் வெளியான ஒரு நாடு தழுவிய ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது: ஓபியாய்டு கொடுப்பதில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இருந்த வேறுபாடு முதுகுவலியிலும் ஒற்றைத் தலைவலியிலும் தெரிந்தது, எலும்பு முறிவில் தெரியவில்லை. முன்னே சொன்ன இரண்டு ஊர் ஆய்வுகளோடு இது முழுக்கப் பொருந்தவில்லைதான். ஆனாலும் மருத்துவரின் ஊகத்துக்கு இடம் கூடக்கூட நோயாளியின் நிறத்துக்கும் இடம் கூடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

2021இல் இன்னொரு பெரிய கணக்கு வந்தது. உடல் இயலாமையால் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு பெறுபவர்களை, 310 மருத்துவக் குழுமங்களில் ஒப்பிட்டார்கள். ஓபியாய்டு கிடைத்தவர்களின் விகிதம் இரு இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆண்டு முழுவதற்குமான அளவைக் கூட்டிப் பார்த்தால், கறுப்பினத்தவருக்குச் சராசரியாக 36 சதவீதம் குறைவு. இது ஒவ்வொரு குழுமத்துக்கு உள்ளேயும் எடுத்த ஒப்பீடு என்பதால், “அவர்கள் போகும் மருத்துவமனை வேறு, இவர்கள் போகும் மருத்துவமனை வேறு” என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை.

மருந்தை நிறுத்தும்போதும் இதே கதைதான். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நீண்டகாலமாக ஓபியாய்டு பெற்றவர்களின் சிறுநீர்ப் பரிசோதனைகளை 2018இல் ஒரு குழு ஆராய்ந்தது. கஞ்சா தென்பட்டால் மருந்து நிறுத்தப்படும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு இரண்டு மடங்கு. கொக்கெய்ன் தென்பட்டால் மூன்று மடங்கு. அங்கே எல்லோரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் சிகிச்சை பெறுபவர்கள். சிறுநீரில் வந்த பதிலும் ஒன்றுதான். தண்டனை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

கறுப்பினத்தவருக்கு இயல்பிலேயே வலி குறைவாகத் தெரியும் என்கிறார்களே?

பொய். ஆய்வகத்தில் வெப்பம், குளிர், அழுத்தம் ஆகியவற்றை வைத்துச் செய்த சோதனைகளில் கறுப்பினப் பங்கேற்பாளர்கள் சராசரியாக வலியைக் கூடுதலாகவும் சீக்கிரமாகவும் உணர்ந்ததாகவே பதிவாகியிருக்கிறது. அதற்கும் பிறவிக் குணம் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. வாழ்நாள் மன அழுத்தம், தூக்கமின்மை, ஆய்வகச் சூழல் மீதான அவநம்பிக்கை எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன.

பொய்யாக இருந்தும் இது ஏன் சாகவில்லை என்பதற்கு, இதைப் பெற்றெடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1851இல் லூசியானா மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், கறுப்பினத்தவருக்கென்றே ஒரு நோயைக் கற்பனையாக உருவாக்கி ‘டிஸ்எஸ்தீசியா எத்தியோப்பிக்கா’ என்று பெயரிட்டார். தோல் உணர்ச்சியற்றுப் போவதும் வேலையில் மந்தமும் அதன் அறிகுறிகளாம். சவுக்கடியில் சுருண்டு கிடக்கும் மனிதரைப் பார்த்து “இவருக்கு உணர்ச்சி இல்லை” என்று எழுதுவதற்கு ஒரு படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. அதற்குச் சற்று முன்பு, 1840களில் அலபாமாவில் ஜே. மேரியன் சிம்ஸ், அனார்ச்சா, லூசி, பெட்சி உள்ளிட்ட அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்து இல்லாமல் மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்து பழகினார். அனார்ச்சாவுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது முறை. ‘நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை’ என்று அவருக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வைத்திருந்த சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். வலியை உணராத உடல் என்ற கற்பனை, அந்த உடலை வேலை வாங்கியவருக்கும் வெட்டியவருக்கும் வசதியாக இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கெல்லி ஹாஃப்மன் குழுவினர் 222 வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் சில கூற்றுகளைக் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்டார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது, அவர்களின் நரம்பு முனைகள் உணர்ச்சி குறைந்தவை, ரத்தம் சீக்கிரம் உறையும் என்பவை அவற்றில் சில. பாதிப் பேர் இத்தகைய பொய்களில் ஒன்றையாவது உண்மை என்றோ உண்மையாக இருக்கலாம் என்றோ சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்கள் பரிந்துரைத்த சிகிச்சையிலும் பிழை கூடியது. இந்தப் பொய்களை நம்பாதவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. அதாவது பாடத்தைத் திருத்தினால் ஓரளவு பலன் இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

நோயாளிகளே குறைவாகக் கேட்டிருக்கலாம் அல்லவா?

நியாயமான கேள்வி. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நோயாளி தானே பொத்தானை அழுத்தி வலி மருந்தை ஏற்றிக்கொள்ளும் ஒரு கருவி உண்டு. உச்ச அளவு எவ்வளவு என்பதை மருத்துவர் எழுதுவார். அதற்குள் எவ்வளவு வேண்டும் என்பதை நோயாளி தீர்மானிப்பார். 1996இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தது. நோயாளிகள் தாங்களாக ஏற்றிக்கொண்ட அளவில் இன வேறுபாடு இல்லை. மருத்துவர்கள் எழுதிய அளவில் இருந்தது.

அப்படியானால் மருத்துவர்கள் இனவெறியர்கள் என்கிறீர்களா?

சிலர் இருக்கலாம். ஆனால் இந்த எண்களை உண்டாக்க வெறுப்பு தேவையில்லை. அவசரமும் ஐயமும் போதும். பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து முடிக்க வேண்டும், தவறாக மருந்து கொடுத்தால் உரிமம் போகும் என்ற அச்சம் வேறு. அந்த நேரத்தில் “இவரை நம்பலாமா?” என்ற கேள்விக்கு மனம் குறுக்குவழியில் விடை தேடுகிறது. அந்தக் குறுக்குவழிகள் ஊரில் ஏற்கெனவே போடப்பட்டவை.

ஐயம் ஒருவரோடு நிற்பதும் இல்லை, எழுத்தில் ஏறிவிடுகிறது. சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் மின்னணுக் குறிப்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், ‘ஒத்துழைக்கவில்லை’, ‘பதற்றத்தோடு கத்தினார்’ என்ற வகைச் சொற்கள் கறுப்பின நோயாளிகளின் குறிப்புகளில் இடம்பெறும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. 2018இல் நடந்த மற்றொரு சோதனையில், ஒரே நோயாளியைப் பற்றி நடுநிலையாக எழுதிய குறிப்பையும் குத்தலாக எழுதிய குறிப்பையும் மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். குத்தலான குறிப்பைப் படித்தவர்கள் வலிக்குக் குறைவாகவே மருந்து பரிந்துரைத்தார்கள். நோயாளி அறைக்குள் நுழையும் முன்பே முந்தைய மருத்துவரின் எரிச்சல் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அரிவாள் செல் நோய் இந்தப் பேச்சில் அடிக்கடி வருவது ஏன்?

அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது, பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துவிடும். ரத்தம் போகாத இடத்தில் வரும் வலி, மருத்துவம் அறிந்த மிகக் கடுமையான வலிகளில் ஒன்று. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ நிற்கும். இடையிடையே எலும்பையும் மூட்டையும் அரித்து நாள்பட்ட வலியாகவும் மாறும்.

இந்த நோயாளிகள் குழந்தைப் பருவத்திலிருந்தே மருத்துவமனைக்குப் போய் வருபவர்கள். எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் வேலை செய்யும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சர்க்கரை நோயாளி இன்சுலின் அளவைச் சொன்னால் ‘பொறுப்பானவர்’ என்பார்கள். அரிவாள் செல் நோயாளி தன் மார்ஃபின் அளவைச் சொன்னால் ‘டிரக் சீக்கர்’, மருந்துக்கு அலைகிறவர் என்று முகம் மாறிவிடும். கத்தினால் நடிப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தால் “வலி உள்ளவர் போலத் தெரியவில்லையே”. எப்படி இருந்தால் நம்புவார்கள் என்பதே தெரியாத நிலை.

2013இல் வந்த ஒரு நாடு தழுவிய கணக்கில், அவசர சிகிச்சைப் பிரிவில் இவர்கள் மற்ற நோயாளிகளைவிட 25 சதவீதமும், எலும்பு முறிந்து வந்தவர்களைவிட 50 சதவீதமும் கூடுதலாகக் காத்திருந்தார்கள். வந்து ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து கொடுக்க வேண்டும், 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. சொல்ல வேண்டிய நிலை வந்ததே ஒரு தகவல்தான்.

ஆராய்ச்சிப் பணமும் இதே பக்கம்தான் சாய்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பெரும்பாலும் வெள்ளையருக்கு வரும் மரபணு நோய், நோயாளிகளும் குறைவு. ஆனால் தலைக்கு இத்தனை என்று பிரித்துப் பார்த்தால் அதற்குப் போகும் ஆராய்ச்சி நிதி பல மடங்கு.

ஓபியாய்டு பல உயிர்களைக் குடித்த மருந்து. குறைவாகக் கிடைத்தது ஒரு வகையில் நல்லதுதானே?

இதைக் கேட்காதவர் இல்லை. பாதி சரி, பாதி ஆபத்தான தவறு.

சரியான பாதி: நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டு வலிக்கும் ஓபியாய்டு அவ்வளவு சிறந்த மருந்து அல்ல. முன்னாள் படைவீரர்களிடம் ஓராண்டு நடத்தி 2018இல் வெளியான ஒரு சோதனையில், அன்றாட வேலைகளைச் செய்ய உதவுவதில் ஓபியாய்டு மற்ற வலி மருந்துகளை விஞ்சவில்லை. ஓபியாய்டு அலையின் தொடக்கக் காலத்தில் வெள்ளையர்கள் அதிகம் அடிபட்டதற்கு, அவர்களுக்குத் தாராளமாக எழுதிக் கொடுத்ததும் ஒரு காரணம்.

தவறான பாதி: மருந்து மறுக்கப்பட்டவர்களுக்கு அதற்கு ஈடாக ஒழுங்கான பிசியோதெரபியோ, வலி நிபுணரின் நேரமோ, உளவியல் ஆதரவோ கிடைத்திருந்தால் ‘காப்பாற்றப்பட்டார்கள்’ என்று சொல்லலாம். பலருக்குக் கிடைத்தது வெறுங்கை. அரிவாள் செல் நெருக்கடி, புற்றுநோய், எலும்பு முறிவு போன்ற இடங்களில் ஓபியாய்டை மறுப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது. அதோடு, அந்தப் பாதுகாப்பும் நிலைக்கவில்லை. கள்ளச் சந்தையில் ஃபென்டனில் என்ற கடும் வீரியமுள்ள ஓபியாய்டு பரவிய பிறகு, 2020இல் அளவு மீறிய மருந்தால் இறப்போரின் விகிதத்தில் கறுப்பினத்தவர் வெள்ளையரைத் தாண்டினார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீட்க உதவும் புப்ரினார்ஃபின் மருந்து யாருக்கு எழுதப்பட்டது? 2012 முதல் 2015 வரையிலான தரவுகளின்படி, பெரும்பாலும் வெள்ளையருக்கு. வலி மருந்தும் கிடைக்கவில்லை, மீட்பு மருந்தும் கிடைக்கவில்லை.

எல்லாம் பணமும் காப்பீடும் செய்யும் வேலை என்று சொல்லலாமா?

ஒரு பங்கு அதற்கு உண்டு, அதை மறுப்பவர்கள் இல்லை. காப்பீடு இல்லாதவருக்கு வலி நிபுணரும் இல்லை. ஆனால் காப்பீட்டு நிலையைச் சமன்படுத்தியும் வேறுபாடு நிற்கிறது. மேலே சொன்ன மெடிகேர் கணக்கும் படைவீரர் மருத்துவமனைக் கணக்கும் அதற்கு உதாரணம்.

பணத்தோடு இடமும் சேரும். 2000இல் வெளியான ஓர் ஆய்வு நியூயார்க் நகர மருந்தகங்களைக் கணக்கெடுத்தது. வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் 72 சதவீத மருந்தகங்களில் கடும் வலிக்குப் போதுமான ஓபியாய்டு இருப்பு இருந்தது. மற்றவர்கள் அதிகம் வாழும் பகுதிகளில் 25 சதவீதம்தான். மருத்துவர் பாரபட்சமின்றிச் சீட்டு எழுதினாலும், அந்தச் சீட்டோடு நோயாளி ஊர் சுற்ற வேண்டும்.

எக்ஸ்ரே நிறம் பார்க்காதே?

எக்ஸ்ரே பார்க்காது, அதை வாசிக்கும் அளவுகோல் பார்க்கலாம். முழங்கால் தேய்மானத்தை வகைப்படுத்த இன்றும் உலகெங்கும் பயன்படும் கெல்கிரன்–லாரன்ஸ் அளவுகோல் 1957இல் பிரிட்டனில் உருவானது. அதற்கு அடிப்படையான மக்கள் பெரும்பாலும் வெள்ளையர். அந்த அளவுகோலில் ஒரே தரம் பெற்றாலும் கறுப்பின நோயாளிகள் கூடுதல் வலியைச் சொல்கிறார்கள். “எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே, மனப்பிரமை” என்று அதை ஒதுக்கிவந்தார்கள்.

2021இல் எம்மா பியர்சன், ஸியாத் ஒபர்மேயர் குழுவினர் கணினி நிரலுக்கு எக்ஸ்ரே படங்களைக் கொடுத்து, மருத்துவரின் தரத்துக்குப் பதிலாக நோயாளி சொன்ன வலியையே கணிக்கப் பழக்கினார்கள். இனங்களுக்கு இடையிலான வலி வேறுபாட்டில் பழைய அளவுகோல் 9 சதவீதத்தை மட்டுமே விளக்கியது. நிரல் 43 சதவீதத்தை விளக்கியது. வலிக்கான தடயம் படத்திலேயே இருந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குத் தகுதி பார்க்கும்போது இந்தத் தரத்துக்கும் பங்கு உண்டு என்பதால், இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் அல்ல.

இது கறுப்பினத்தவருக்கு மட்டுமா? தெற்காசியர்களுக்கு?

பூர்வகுடி அமெரிக்கர்களிடம் நாள்பட்ட வலி மற்ற இனத்தவரைவிட அதிகம். ஆனால் ஆய்வுகளில் அவர்களைப் பெரும்பாலும் ‘பிறர்’ என்ற கட்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஆசியர் என்ற ஒரே பெயருக்குள் பல மக்களை அடைப்பதாலும் பல உண்மைகள் மறைகின்றன.

அமெரிக்காவுக்கு வெளியிலும் கதை உண்டு. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று சொல்லும் தெற்காசியப் பெண்களைக் குறிக்க பிரிட்டன் மருத்துவர்களிடையே ‘பேகம் சிண்ட்ரோம்’ என்ற கேலிப் பெயர் புழங்கியது. ஜெர்மனியில் துருக்கியக் குடியேறிகளின் வலிக்கு ‘மோர்பஸ் போஸ்போரஸ்’, அதாவது இஸ்தான்புல் நீரிணையின் பெயரால் ‘போஸ்போரஸ் நோய்’.

வசையாக இல்லாமல் ‘பண்பாட்டு அறிவு’ என்ற வேடத்திலும் இது வரும். பியர்சன் என்ற பதிப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு செவிலியர் பாடநூலில் ஆசியர், யூதர், கறுப்பினத்தவர் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வோர் இனமும் வலியை எப்படிக் காட்டும் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். 2017இல் எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது.

நோயாளியோ குடும்பத்தினரோ என்ன செய்யலாம்?

பாகுபாட்டைச் சரிசெய்யும் பொறுப்பு வலியில் கிடப்பவரின் தலையில் விழக் கூடாது. இருந்தாலும் அமெரிக்காவில் கைகொடுக்கும் சில வழிகள் உண்டு.

எண்ணை மட்டும் சொல்லாமல், வலி எதைத் தடுக்கிறது என்று சொல்லுங்கள். “பத்துக்கு எட்டு” என்பதைவிட “இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்க முடியவில்லை, படி ஏற முடியவில்லை” என்பதை மறுப்பது கடினம். மருந்து மறுக்கப்பட்டால், கேட்டதையும் மறுத்த காரணத்தையும் குறிப்பில் எழுதும்படி அமைதியாகக் கேளுங்கள்.

2021 ஏப்ரல் முதல் மருத்துவர் எழுதும் குறிப்புகளை நோயாளி இணையத்தில் படிக்க வழி திறந்திருக்கிறது. படியுங்கள். தவறாகவோ இழிவாகவோ எழுதியிருந்தால் திருத்தம் கோரும் உரிமையும் சட்டத்தில் உண்டு.

ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் கட்டணமின்றித் தர வேண்டும். பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். தாயின் வலியை மகன் பாதியாக்கித்தான் சொல்வான், வெட்கத்தாலோ பயத்தாலோ.

மருத்துவமனைகள் எதைச் செய்தால் மாறும்?

ஊகத்துக்கு இடம் குறைய வேண்டும். அரிவாள் செல் நோயாளிக்கான மருந்துத் திட்டத்தை முன்கூட்டியே எழுதி மின்னணுக் குறிப்பில் வைத்துவிட்டால், இரவுப் பணி மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. யாருக்கு எத்தனை நிமிடத்தில் மருந்து கிடைத்தது என்பதை இனவாரியாகக் கணக்கெடுத்து அந்தந்தப் பிரிவுக்கே காட்டுவதும் தேவை. ஓபியாய்டு குறித்த மத்திய நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டுதல், இன வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

மனமாற்றப் பயிற்சிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு விதிவிலக்கு: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அதை ஒட்டி 2011இல் ஒரு சோதனை நடந்தது. முடிவெடுக்கும் முன் அந்த நோயாளியின் வலி அவருடைய வாழ்க்கையை எப்படிப் பாதிக்கும் என்று கற்பனை செய்யச் சொன்னதும், இனச் சார்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஆய்வகத்தில் குறைந்தது நெரிசலான பிரிவில் அதிகாலை மூன்று மணிக்கும் குறையுமா என்பது வேறு கேள்வி.

பாகுபாடு காட்டப்பட்டதாக எங்கே புகார் செய்வது?

முதலில் அந்த மருத்துவமனையின் நோயாளி குறைதீர் அலுவலரிடம், எழுத்தில். அடுத்து அமெரிக்க சுகாதார மற்றும் மக்கள் சேவைத் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில். இணையத்திலேயே செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த 180 நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தேதி, நேரம், யார் என்ன சொன்னார், எந்த மருந்து கேட்டீர்கள், எப்போது கிடைத்தது என்பதை அன்றைக்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.